முகாம் முடிந்த மறுநாள்: நிறுவனத்தின் சமூக நலப் பணியைப் புதிதாக ஏற்பவர்களுக்கு

"இனிமேல் சுற்றுவட்டார மக்கள் நலப் பணியை நீங்களே பாருங்கள்" என்று நிர்வாகம் உங்களிடம் சொல்லியிருக்கலாம். எச்ஆர் வேலையோடு இதையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். ஆண்டு முடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். உடனே மனதில் வருவது ஒரு மருத்துவ முகாம்தான். பந்தல், நான்கு மருத்துவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பரிசோதனை. மதியத்துக்குள் முடித்துவிடலாம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். கூட்டம் நன்றாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஓர் அம்மா என்னை நிறுத்தினார். முகாமில் கொடுத்த சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். ரத்த அழுத்தம் மிக அதிகம் என்று அதில் எழுதியிருந்தது. "அந்த டாக்டர் மறுபடி எப்ப வருவாரு?" என்று கேட்டார். நாங்கள் கொடுத்த பத்து நாள் மாத்திரை என்றோ தீர்ந்திருந்தது. அவருடைய பெயர்கூட எங்களிடம் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினோமே தவிர, யார் யார் வந்தார்கள், யாருக்கு என்ன இருந்தது என்று எழுதி வைக்கவில்லை.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், அந்த மனிதருக்கு ஒரு பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்ததாக ஆகிவிடும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்ற கேள்வியை வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் உங்கள் வேலிக்கு உள்ளே பாருங்கள்

வெளியே போய் உதவுவதற்கு முன்னால், நம் நிறுவனம் அந்த மக்களின் உடம்புக்கு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சங்கடமான வேலைதான். ஆனாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தூசி யார் வீட்டுக் கொடியில் காயும் துணியில் படிகிறது? பள்ளி விடும் நேரத்தில் நம் லாரிகள் எந்தத் தெரு வழியாக வருகின்றன? இரவில் ஜெனரேட்டர் யாருடைய சன்னலுக்கு நேராக ஓடுகிறது? நாம் உறிஞ்சும் நிலத்தடி நீரால் பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றனவா?

ஈயம் கையாளும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரிகளைப் பிரித்து உருக்கும் இடங்களில் ஈயத் தூசி தொழிலாளியின் சட்டையிலும் செருப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு அவரோடு வீட்டுக்குப் போகிறது. வேலை முடிந்து வரும் அப்பாவின் மடியில் ஏறி உட்காரும் குழந்தையின் உடம்பில் அது சேர்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குச் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஆலையிலேயே குளிக்க இடம் வேண்டும். வேலைத் துணிக்கும் வீட்டுத் துணிக்கும் தனித்தனி அலமாரி வேண்டும். சீருடையை ஆலையிலேயே துவைக்க ஏற்பாடு வேண்டும். அந்தத் தெருவில் குழந்தைகள் நல முகாம் பத்து முறை நடத்தினாலும் இதற்கு ஈடாகாது.

அடுத்து உங்கள் தொழிலாளர்கள். அவர்களும் சுற்றுவட்டார மக்கள்தான். நிரந்தரப் பணியாளர்களுக்குக் காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை எல்லாம் இருக்கும். ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஓட்டுநர், கேன்டீனில் வேலை செய்பவர் ஆகியோருக்கு என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். காய்ச்சல் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்ற நிலை இருந்தால், அவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவார், தன்னுடன் இன்னும் நான்கு பேரைப் படுக்க வைப்பார். சம்பளத்தோடு நோய் விடுப்பு தருவதை யாரும் சமூக நலத் திட்டமாக எண்ணுவதில்லை. எனக்குத் தெரிந்து அதைவிட நேரடியான திட்டம் குறைவு.

உள்ளே தொடங்கிய வேலை வெளியே போவதற்கு ஒரு நல்ல உதாரணம் கானாவின் ஒபுவாசி தங்கச் சுரங்கம். அங்கே தொழிலாளர்கள் அடிக்கடி மலேரியாவில் படுத்தார்கள், சுரங்கத்தின் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. ஆங்லோகோல்ட் அஷாந்தி நிறுவனம் 2000களின் நடுவில் வீடுகளின் உட்சுவர்களில் கொசுமருந்து அடிக்கத் தொடங்கியது. தன் குடியிருப்போடு நிறுத்திக்கொண்டிருந்தால் பலன் இருந்திருக்காது, கொசு மதிலோடு நிற்பதில்லை. ஊர் முழுவதும் அடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். பிறகு சர்வதேச நிதியுதவியோடு திட்டம் நாட்டின் வேறு மாவட்டங்களுக்கும் போனது.

படி 2: நடந்து போய்க் கேளுங்கள்

காரில் போகாதீர்கள். வாயிலில் தொடங்கி, நிறுவனத்தைச் சுற்றி நடக்கும் தூரத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருப்பவர்களைப் பெரும்பாலும் எந்தக் கணக்கெடுப்பிலும் விட்டுவிடுவார்கள். அவர்களையும் வரைபடத்தில் போடுங்கள்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், நாம் எதைக் கொடுப்போம் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதுதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். வீட்டில் கடைசியாக யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது? எங்கே போனீர்கள்? எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள்? மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்? இரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கடைசிப் பிரசவத்துக்கு எந்த வண்டியில் போனீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்களில்தான் உங்கள் திட்டம் ஒளிந்திருக்கும். பெண்களிடம் பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசட்டும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களை அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஊர்த் தலைவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி ஊர் காதில் விழாது.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன் சிகாகோவுக்குப் பக்கத்தில் 1880களில் கட்டிய தொழிலாளர் நகரம் ஒரு பாடம். நல்ல வீடுகள், குழாய்த் தண்ணீர், பூங்கா, நூலகம் எல்லாம் அங்கே இருந்தன. குடியிருந்தவர்களுக்கு மட்டும் எதிலும் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. 1893இல் பொருளாதாரம் சரிந்ததும் கூலியைக் குறைத்தார்கள், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் வெடித்து நாட்டின் பெரும்பகுதியில் ரயில்கள் நின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தக் குடியிருப்புகளை நிறுவனம் விற்றாக வேண்டும் என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படி 3: பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள்

பேனர் இல்லாமல், புகைப்படக்காரர் இல்லாமல், முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். மருத்துவரோடு மட்டும் பேசிவிட்டு வராமல் செவிலியர், மருந்தாளுநர், வீடு வீடாகப் போகும் களப்பணியாளர் ஆகியோரோடும் பேசுங்கள். எந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது என்பது அந்தக் களப்பணியாளருக்குத் தெரியும். உங்கள் ஆலோசகர் தரும் அறிக்கையில் அது இருக்காது.

அவர்களுடைய குறை பெரும்பாலும் சின்னதாக, சலிப்பூட்டுவதாக இருக்கும். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்கு மின்சாரம் நிலையாக வருவதில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பழுது. கர்ப்பிணிகள் நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள். இவற்றைச் சரி செய்வது உங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு இரண்டு நாள் வேலையாக இருக்கலாம்.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு நிலையம் இயங்கும் இடத்தில் அதற்குப் போட்டியாக இன்னொன்றைத் தொடங்காதீர்கள். நீங்கள் அதிகச் சம்பளம் கொடுத்து அங்கிருக்கும் ஒரே செவிலியரை அழைத்துக்கொண்டால், ஊர் நஷ்டப்படும். உங்கள் திட்டம் நின்றுபோகும் நாளில் இரண்டும் இல்லாமல் போகும்.

படி 4: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கேட்டு முடித்தபின் உங்கள் தாளில் இருபது பிரச்சினைகள் இருக்கும். ஒன்றை எடுங்கள். பாதிக்கப்படுபவர்கள் நிறைய பேரா, தீர்க்கும் வழி தெரிந்ததுதானா, மூன்று ஆண்டு விடாமல் நம்மால் செய்ய முடியுமா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவை உதிரும்.

பணத்தைத் தவிர நிறுவனத்திடம் வேறு என்ன இருக்கிறது என்றும் யோசியுங்கள். வண்டிகள், குளிர்சாதனக் கிடங்கு, பரிசோதனைக் கூடம், கணக்கர்கள், குழாய் வேலை தெரிந்தவர்கள். கோகோ கோலாவின் குளிர்பானம் போய்ச் சேரும் ஊர்களுக்கு மருந்து ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியிலிருந்து, 2010இல் டான்சானியாவில் அந்த நிறுவனத்தின் சரக்குப் போக்குவரத்து அனுபவத்தை அரசு மருந்துக் கிடங்குக்குக் கற்றுக்கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கையில் இருக்கும் திறமையைக் கொடுப்பது என்றால் இதுதான்.

கொடுப்பதைவிடக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துகொள்ள ஆற்றுக்குருடு என்னும் நோயின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேகமாக ஓடும் ஆறுகளின் பக்கம் வளரும் ஒரு வகைக் கரும் ஈ கடிக்கும்போது உடம்புக்குள் போகும் ஒரு புழுவால் இது வருகிறது. தாங்க முடியாத அரிப்பு, கடைசியில் பார்வை போய்விடும். ஐவர்மெக்டின் என்ற மருந்து இதற்கு வேலை செய்யும் என்று தெரிந்தபோது, அது தேவைப்பட்டவர்களால் விலை கொடுத்து வாங்க முடியாது என்பதும் தெரிந்தது. 1987இல் அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம் இந்த நோய்க்குத் தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரைக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. "தேவைப்படும் காலம் வரைக்கும்" என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஏனென்றால் இந்த மருந்து வளர்ந்த புழுவை முழுதாகக் கொல்வதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது, பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும்.

சரி, மருந்து இலவசம். சாலையே இல்லாத கிராமங்களில் யார் கொடுப்பது? யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கிராமத்தாரிடமே விட்டார்கள். எந்த மாதம், எந்த நேரம் கொடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எடை பார்க்கும் கருவி இல்லாத இடங்களில், அடையாளக் கோடு போட்ட ஒரு கம்பை நட்டு, ஆளின் உயரத்தைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையில்லாமல் செய்யக்கூடிய வேலை அது. 2013இல் கொலம்பியா இந்த நோய் பரவுவது நின்றுவிட்ட முதல் நாடாக உறுதி செய்யப்பட்டது. அதன் பின் ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா. அறிவிப்பு வந்ததிலிருந்து கொலம்பியாவுக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. உங்கள் மேலாளர் மூன்று மாதத்தில் பலன் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

படி 5: செய்யக் கூடாதவை

காலாவதியாகப் போகும் மருந்துகளைத் தானம் செய்யாதீர்கள். பேரிடர்களின்போது உபயோகமில்லாத மருந்துகள் குவிந்து, அவற்றைப் பிரித்து அழிப்பதே அங்கிருப்பவர்களுக்குப் பெரிய வேலையாகிப்போன அனுபவங்கள் நிறைய உண்டு. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது பொதுவாகக் குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அவர்கள் கேட்காத மருந்து வேண்டவே வேண்டாம்.

உங்கள் நிறுவனம் விற்கும் பொருளே உடம்புக்குக் கெடுதல் என்றால், அதே பொருளின் பெயரில் நலப் பணி செய்யும்போது மக்கள் கேள்வி கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. புகையிலை நிறுவனங்களின் சமூகப் பணி விளம்பரங்களுக்கு அரசுகள் இடம் கொடுக்கக் கூடாது என்று உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பொடியின் மாதிரிப் பொட்டலங்களைத் தாய்மார்களுக்கு இலவசமாகக் கொடுப்பதை 1981ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை தடுக்கிறது. இலவசம் என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது.

படி 6: யார் எதைச் செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள்

தொண்டு நிறுவனத்தோடோ மருத்துவமனையோடோ சேர்ந்து செய்வதுதான் பெரும்பாலும் நல்லது. வாய்ப்பேச்சாக விடாமல் நான்கு பக்கத்துக்காவது எழுதிக்கொள்ளுங்கள். மருந்து தீர்ந்தால் யார் வாங்குவது, பதிவேடு யாரிடம் இருக்கும், பரிசோதனையில் நோய் தெரிந்தவரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, அங்கே அவரை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்களா, ஒரு தரப்பு விலகினால் என்ன செய்வது. அனுப்பும் இடம் முடிவாகாத எந்தப் பரிசோதனையையும் தொடங்காதீர்கள்.

அப்புறம் ரகசியம். யாருக்கு என்ன நோய் என்ற விவரம் நிறுவனத்தின் கணினிக்கு வரவே கூடாது. உங்கள் தொழிலாளர்கள் விஷயத்தில் இது இன்னும் கறாராக இருக்க வேண்டும். காசநோய், எச்ஐவி, கர்ப்பம், மனநலம் பற்றிய தகவல் மேற்பார்வையாளர் காதுக்குப் போகும் என்ற சந்தேகம் ஒருவருக்கு வந்தாலும் போதும், அதன் பிறகு ஒருவரும் வரமாட்டார்கள். 2002இல் ஆங்லோ அமெரிக்கன் சுரங்க நிறுவனம் தென்னாப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு எச்ஐவி சிகிச்சையை இலவசமாகத் தர முன்வந்தது. அப்படியொரு சிகிச்சை இருந்தாலும், வேலை போகாது என்ற நம்பிக்கை வந்தால்தான் தொழிலாளி பரிசோதனைக்கே வருவார். மருத்துவரிடமிருந்து உங்களுக்கு எண்ணிக்கை மட்டும் வரட்டும், பெயர்கள் வேண்டாம்.

புகைப்படமும் இதில் சேர்த்திதான். சம்மதம் கேட்டு, "வேண்டாம்" என்றால் சிகிச்சையில் எந்த வித்தியாசமும் இருக்காது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

படி 7: பணத்தை ஆண்டுகளாகப் பிரியுங்கள்

ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்பது எளிது. மூன்று ஷிப்டுக்கு ஓட்டுநர்கள், டீசல், காப்பீடு, டயர், பழுது, உள்ளே உட்காரப் பயிற்சி பெற்ற ஆள் என்று ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவுதான் அதை ஓட வைக்கிறது. அது இல்லாமல் நிற்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். எதை வாங்கினாலும் அடுத்த மூன்று ஆண்டுக்கான நடைமுறைச் செலவை அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தியா போன்ற சில நாடுகளில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் உள்ள நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கை இப்படிச் செலவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இந்தியாவில் அது மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். உங்கள் நாட்டு விதியைக் கணக்காளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஆண்டுக் கடைசியில் அவசரமாகச் செலவழிக்கும் நிலை வராது.

படி 8: சரியானதை எண்ணுங்கள்

வந்தவர்கள் எத்தனை பேர் என்பது பந்தலின் அளவைத்தான் சொல்லும். ரத்த அழுத்தத் திட்டம் என்றால், அதிகம் என்று கண்டவர்களில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு 140/90க்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். கண் திட்டம் என்றால், புரை இருப்பவர்களில் எத்தனை பேர் அறுவைச் சிகிச்சைக்குப் போனார்கள், அவர்களுக்குப் பின்னர் பார்வை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கழிப்பறை கட்டினால், ஓராண்டு கழித்துப் போய்க் கதவைத் திறந்து பாருங்கள். சில இடங்களில் அதற்குள் விறகு அடுக்கியிருக்கும். அங்கே தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்ற கணக்கையும் எடுத்து வையுங்கள். எண்கள் சரியாக வரவில்லை என்றால் அதையும் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். மோசமான எண்ணை மறைக்காத ஒரு திட்டத்தை மட்டுமே அடுத்த ஆண்டு திருத்த முடியும்.

படி 9: விலகும் நாளை முதல் நாளே யோசியுங்கள்

நிறுவனம் இடம் மாறலாம், விற்கப்படலாம், நீங்கள் வேறு வேலைக்குப் போகலாம். அன்றைக்கு யார் இதை நடத்துவார்கள்? சுகாதார நிலையத்தின் செவிலியரா, பெண்கள் குழுவா, ஊரில் பயிற்சி பெற்ற இளைஞர்களா? யாராக இருந்தாலும் முதல் ஆண்டிலிருந்தே அவர்கள் பக்கத்தில் இருந்து செய்யட்டும். நிறுத்தப்போகிறோம் என்றால் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கள் இரண்டாவது முகாமில் பந்தல் சிறியது, மருத்துவர் ஒருவர்தான். வாசலில் ஒரு மேசை, அதில் கோடு போட்ட தடிமனான நோட்டு ஒன்று. பெயர், வீட்டு அடையாளம், அளவு, அடுத்து வர வேண்டிய தேதி என்று நான்கு கட்டங்கள். எழுதியது சுகாதார நிலையத்தின் செவிலியர். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்த அந்த அம்மாவின் பெயரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். முகாம் முடிந்ததும் நோட்டை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரவில்லை. செவிலியர் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் பதினோரு பேரின் பெயர் அதில் இருந்தது.